முப்பத்தொன்றாம் எண் மேகசின்

மைலோ க்ருப்பிச்கா எங்கள் ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். சோளம் ஏற்றும் பெல்ட் அறுந்தாலும், உலர்த்தியின் மோட்டார் புகைந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நெப்ராஸ்காவின் இந்த மூலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அவனும் நானும் எல்டன் வாச்சாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. மைலோவும் எல்டனும் அன்றிலிருந்தே இணைபிரியாதவர்கள். ஒருவன் கல்யாணத்தில் இன்னொருவன் மாப்பிள்ளைத் தோழன். எல்டன் விவசாய மெஷின் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்கிறான்.

எங்கள் துப்பாக்கி கிளப்பில் கோடை முழுக்க இரும்பில் வெட்டிய கோழி, பன்றி உருவங்களைச் சுடும் போட்டி நடக்கும். நாற்பது கெஜத்தில் கோழிகள், அறுபதில் பன்றிகள், அதற்கும் பின்னால் வான்கோழிகளும் செம்மறிக் கடாக்களும். இரண்டு நிமிஷத்தில் ஐந்தைச் சாய்க்க வேண்டும். நான் சுடவும் செய்வேன், ஸ்கோர் எழுதுவதும் நான்தான். துப்பாக்கி எல்லாம் பாயின்ட் டூ டூ. அதன் தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இருக்காது. தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்து அதன் அடி விளிம்பைச் சுற்றித்தான் இருக்கிறது. அந்த விளிம்பு எங்கே நசுங்கினாலும் வெடித்துவிடலாம்.

எங்களில் பாதிப் பேர் வைத்திருந்தது ஒரே மாதிரியான பழைய துப்பாக்கி. செய்த கம்பெனி மூடி நாளாகிறது. துப்பாக்கி தங்கம். தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் சின்னப் பெட்டி, மேகசின், அதுதான் தகராறு. வேறு யாரோ அதைப் பார்த்துச் செய்து விற்ற மேகசின்களில் மூன்றாவது தோட்டா கட்டாயம் மாட்டிக்கொள்ளும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். இல்லையென்றால் மூக்கு கீழே குத்தி நிற்கும். ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேனாக்கத்தியால் தோட்டாவை நெம்பிக்கொண்டிருப்பார்.

ஒரு குளிர்காலத்தில் மைலோ இதைச் சரிசெய்ய உட்கார்ந்தான். கிடங்கில் வேலை குறைவான மாதங்கள். கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, வாங்கி வந்த மேகசின் ஒன்றைப் பிரித்துப் பரப்பினான். தோட்டா எங்கே உரசுகிறது என்று பார்க்க மனைவி வெர்னாவின் லிப்ஸ்டிக்கை எடுத்துத் தோட்டா மூக்கில் தடவினான். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டை மெதுவாக நகர்த்தி, சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பார்த்தான்.

"தோட்டாவுக்கெல்லாம் மேக்கப் போட ஆரம்பிச்சிட்டான், வெர்னா. கொஞ்சம் கவனமா இரு" என்று எல்டன் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

தோட்டாவைக் கீழிருந்து தூக்கிக் கொடுக்கும் தகட்டின் சாய்வை மாற்றினான். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகளை மயிரிழை மயிரிழையாக வளைத்தான். அதற்கென்று ஓர் அச்சே செய்துகொண்டான். இடுக்கியால் வளைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வராது என்பான். ஸ்பிரிங்கை மாற்றினான். அதற்குப் பிறகு சோதனை. அதில்தான் அவன் பிடிவாதம் தெரியும். ஒரு மேகசினில் ஐந்து ஐந்தாகப் போட்டு ஐநூறு தோட்டா சுட வேண்டும். ஒரே ஒரு தடங்கல் வந்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒரு தடவை நானூற்று எண்பத்து மூன்றில் மாட்டிக்கொண்டது. பதினேழுதானே பாக்கி, விட்டுவிடேன் என்று எல்டன் கெஞ்சியிருக்கிறான். மைலோ மேகசினைப் பிரித்து, விளிம்பைத் திருத்தி, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

ஐநூறும் தாண்டிய மேகசினின் அடியில் தன் பெயரின் இரண்டு எழுத்தையும் ஓர் எண்ணையும் அடித்து, கேட்டவருக்குச் சும்மா கொடுத்துவிடுவான். கொடுத்தது வாங்கியது எல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். தேதி, எத்தனை சுட்டது, எங்கே தடங்கல், யாரிடம் போனது. சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்து நோட்டு எழுதியது எல்டன். மைலோவின் கையெழுத்தை மைலோவாலேயே படிக்க முடியாது. அது மட்டுமில்லை, மைலோவுக்கு முதுகுவலி இருந்ததால் பாதி மேகசின்களை எல்டன் எடுத்துப்போய்த் தன் மேய்ச்சல் நிலத்து மண்மேட்டில் சுட்டுப் பார்த்துக் கொண்டுவருவான். இப்படி ஆறு வருஷத்தில் இருபத்தாறு மேகசின் ஆயிற்று. எட்டாம் எண் என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன் பிப்ரவரியில் மைலோவின் முதுகு சுத்தமாக உட்கார்ந்துவிட்டது. லிங்கன் நகரத்தில் ஆபரேஷன் செய்து, வளையக்கூடாது, தூக்கக்கூடாது, சுடக்கூடாது என்று அனுப்பினார்கள். வலிக்குப் பலமான மாத்திரை. பாதி நாள் தூக்கம், மீதி நாள் அரைத்தூக்கம். எல்டன் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தான். கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி, பன்றிக்கறியும் டம்ப்ளிங் என்கிற மாவு உருண்டையும், தன் மனைவி செய்தது எதுவானாலும் கொண்டுவருவான். நடைபாதைப் பனியை அள்ளிப் போட்டதும் அவன்தான். கராஜ் சாவி அவனிடம் ஒன்று எப்போதும் இருந்தது. அங்கே போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டுப் போவான். வெர்னா அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மே மாதத்தின் முதல் போட்டிக்கு மைலோ இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வந்து ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று டெஸ் ராடமாக்கர் சுட்டாள். முப்பத்து மூன்று வயது, கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர், கிளப்புக்கு வந்து இரண்டு வருஷம்தான், ஆனால் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுடுவாள். பன்றி வரிசையில் இரண்டைச் சாய்த்துவிட்டாள். மூன்றாவதுக்குப் போல்ட்டைத் தள்ளும்போது மாட்டிக்கொண்டது. இரண்டு தோட்டா ஒன்றாக நுழைந்திருக்கிறது. நேரம் ஓடுகிறதே என்று பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினாள். பட்டென்று ஒரு சத்தம். வழக்கமான சத்தம் இல்லை. வெடித்த தோட்டாவின் பித்தளைத் துணுக்கு, பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தைக் கிழித்துக்கொண்டு மேலேறி வலது கண்ணில் பாய்ந்தது. துண்டை வைத்து அழுத்திப் பிடித்தவள் நான்தான். அவள் கத்தவில்லை. "கண்ணு இருக்கா ஆர்லீன், இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கண் இருந்தது. ஆனால் நேரே பார்த்தால் நடுவில் ஒரு மங்கல். அது போகாது என்றுவிட்டார்கள். அவள் குறிபார்ப்பது வலது கண்ணால்.

அவள் துப்பாக்கியிலிருந்து மேகசினை எடுத்து மைலோ திருப்பிப் பார்த்தான். அவனுடைய இரண்டு எழுத்து. முப்பத்தொன்று. அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் வீட்டு வாசலில் தெரியாத ஆள் நிற்பதைப் பார்க்கிற முகம். இருபத்தாறுக்கு மேல் தான் செய்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. அன்று மாலையே கராஜில் நோட்டைப் புரட்டினான். இருபத்தேழு முதல் நாற்பது வரை பதினான்கு மேகசின்கள் எல்டனின் அழகான கையெழுத்தில் இருந்தன. எல்லாம் மார்ச், ஏப்ரல் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐநூறு, தடங்கல் இல்லை.

எல்டனைக் கூப்பிட்டுக் கேட்டான். எல்டன் அவன் தோளில் கை வைத்து, பரிவாகச் சொன்னானாம்.

"நீதான்டா செஞ்ச. மாத்திரை போட்டுக்கிட்டு கராஜுக்கு வருவ, விளிம்ப வளைப்ப, போய்ப் படுத்துக்குவ. நான் வேணாம் வேணாம்னேன். உனக்கு ஞாபகம் இல்ல போல."

மைலோ நம்பினான். அந்த மாதங்களில் வெர்னாவின் பிறந்தநாளையே மறந்திருந்தவன் அவன். வெர்னா பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போய்விடுவாள். எழுந்து கராஜுக்குப் போனானா இல்லையா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. மேகசினின் விளிம்பில் இடுக்கியின் பல் பட்ட தடம் இருந்ததை மைலோ பார்த்தான். மயக்கத்தில் அச்சைத் தேடாமல் இடுக்கியை எடுத்திருக்கிறேன் என்று தன்னையே நொந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து கிளப் அறையில் கூடினோம். கமிட்டியில் எல்டனையும் சேர்த்து ஐந்து பேர், நானும் ஒருத்தி. மேஜையில் மேகசின், பக்கத்தில் நோட்டு. தலைவர் எல்டனிடம் கேட்டார். எல்டன் நோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அவன் சொன்னத எழுதினேன். ஐநூறுன்னான், ஐநூறுன்னு எழுதினேன். எனக்கு வேற எதுவும் தெரியாது."

மைலோ நிமிர்ந்து அவனை ஒரு தரம் பார்த்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மேகசின்ல இருக்கிறது என் எழுத்து, என் நம்பர். பொறுப்பு என்னுதுதான்" என்றான்.

மைலோ இனி மைதானத்துக்கு வரக்கூடாது, அவன் மேகசினை யாரும் பயன்படுத்தக்கூடாது என்று ஓட்டுக்கு விட்டார்கள். தலைவர் நடத்துகிறவர், அவர் ஓட்டுப் போடவில்லை. நான்கு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று எல்டனுடையது. ஒன்று என்னுடையது.

வீட்டுக்குப் போனவன் முடங்கிப்போய் உட்காரவில்லை. நோட்டில் பெயர் இருந்தவர்களில் டெஸ் போக மீதிப் பதின்மூன்று பேருக்கும் எழுதினான். மேகசினைத் துப்பாக்கியில் போடாதீர்கள், எனக்கு அனுப்பிவிடுங்கள், தவறு என்னுடையது, மன்னிக்கவும். அவ்வளவுதான் கடிதம். பாதிப் பேர் அவனுக்குத் தெரியாதவர்கள், வெளி மாநிலத்துக்காரர்கள். தன் மேகசின் அங்கெல்லாம் எப்படிப் போயிற்று என்று யோசித்தான். அதையும் மாத்திரையின் கணக்கில் சேர்த்துவிட்டான். ஊரில் சில பேர் அவனைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எல்டன் மட்டும் முன்போலவே வந்து போனான். "நாளாக நாளாக மறந்துருவாங்கடா" என்று தேற்றினான். மைலோ அவனுக்கு நன்றி சொன்னான்.

ஜூன் நடுவில் தெற்கு டகோட்டாவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், சுத்தமான மனுஷர். மேகசின் தன்னிடம் எப்படி வந்ததோ அப்படியே, கூட வந்த கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார். மைலோ கடிதத்தைப் பிரித்தான். தெரிந்த கையெழுத்து. அதை நானும் படித்தேன். "மைலோ ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இனி பழைய மாதிரி வர மாட்டான். ஆரம்பத்திலிருந்தே இதில் பாதி யோசனை என்னுடையது. இப்போது நானே தனியாகச் செய்கிறேன். எல்லாருக்கும் பழகிப்போனதால் அவன் எண்ணையே அடிக்கிறேன்" என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டிருந்தான் எல்டன். தேதி, மைலோவுக்கு ஆபரேஷன் நடந்து நான்காம் நாள். அன்று மைலோ லிங்கனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். நோட்டில் அதே மேகசினுக்கு எதிரே மார்ச் தேதி இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, துப்பாக்கிக்காரர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையதளத்தில் எல்டன் வருஷக்கணக்காக இந்த மேகசின்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். படம் போட்டு, விளக்கம் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் எழுதி அங்கே அவன் பெரிய ஆள். எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

மைலோ கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே எல்டன் வீட்டுக்குப் போனான். மத்தியானம். எல்டன் புல்வெட்டும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தான். அங்கே நடந்ததை மைலோ பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"இது நீ எழுதினதுதானே?"

எல்டன் வாங்கிப் படித்தான். மறுக்கவில்லை. "ஆமா" என்றான்.

"நான்தான் செஞ்சேன்னு என்கிட்டயே சொன்னியேடா."

"வேற என்ன சொல்லச் சொல்ற? அந்தப் பொண்ணு கண்ணு போச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. நீ செஞ்சதுன்னா ஊரு ஒரு வருஷத்துல மன்னிச்சிரும். என்னை மன்னிக்காது."

"நானே என்னை நம்பாம ஆயிட்டேன், எல்டன். ஆறு வாரமா. ராத்திரியில எந்திரிச்சு நடக்கிறேனான்னு வெர்னாவ முழிச்சுப் பாக்கச் சொன்னேன்."

எல்டன் பிளேடைத் துடைத்துக்கொண்டே இருந்தானாம். பிறகு அவன் குரலில் வேறு ஏதோ வந்தது.

"ஆறு வருஷம் உன் பக்கத்துல உக்காந்து எழுதினேன். மைலோ மேகசின், மைலோ மேகசின். ஒருத்தன் என் பேரச் சொல்லியிருக்கானா?"

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் எழுத்தையும் சேத்து அடிச்சிருப்பேனே."

"கேட்டு வாங்கினா அதெல்லாம் ஒரு பேரா?"

மைலோ திரும்பி நடந்தான். வண்டிவரைக்கும் போனவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி வந்து கேட்டான்.

"பழைய இருபத்தாறுல பாதி உன் நிலத்துல சுட்டியே. அதெல்லாம் ஐநூறு சுட்டியா?"

எல்டன் குனிந்து பிளேடின் நட்டைத் தேடி எடுத்தான். அந்தத் தாமதத்திலேயே மைலோவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"எல்லாத்தையும் இல்ல" என்றான் எல்டன். "இருநூறு, நூத்தம்பது. அதுக்கு மேல கையும் வலிக்குது, சலிப்பாவும் இருக்கு. ஒண்ணும் ஆகலையே. நீ செஞ்சா ஆகாதுன்னு தெரியும்."

இதைச் சொன்னபோது மட்டும்தான் என் முன்னால் மைலோவின் குரல் உடைந்தது. முப்பத்தொன்றாம் எண்ணைக்கூடத் தாங்கிக்கொள்வேன் ஆர்லீன் என்றான். அதை என் தலையில் கட்டியது பயத்தில். இது ஒவ்வொரு சனிக்கிழமையும் என் எதிரில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டு, நிதானமாகச் செய்தது என்றான்.

கடிதத்தை நான்தான் கமிட்டியில் வைத்தேன். எல்டனை நீக்கினோம். மைலோமேல் போட்ட தடையை எடுத்தோம். மைலோவுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டோம். நான் தனியாகவும் போய்க் கேட்டேன்.

"நோட்டுல அப்படி இருந்துச்சு, நீ கை தூக்கினது தப்பில்ல" என்றான். பிறகு, "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து, மைலோ, நெசமாவான்னு கேட்டிருக்கலாம். உங்கள்ல ஒருத்தர்கூடக் கேக்கல" என்றான்.

டெஸ்ஸைப் பார்க்க வெர்னாவோடு போனான். நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னாளாம்.

"எல்டன் நாலு தடவ வந்தாரு, பூவெல்லாம் வாங்கிட்டு. இங்க, இந்தச் சேர்லதான் உக்காந்து உங்களத் திட்டினாரு. நானும் கூடச் சேந்து திட்டினேன். எனக்கு இப்ப யார்மேல கோவப்படுறதுன்னே தெரியல, மைலோ. உங்க நம்பர்னுதான நான் அத அவருகிட்ட வாங்கிப் போட்டேன்."

அது நியாயம்தான் என்று மைலோ ஒத்துக்கொண்டான். அவள் இப்போது இடது தோளுக்குத் துப்பாக்கியை மாற்றிப் பழகுகிறாள். பழைய ஸ்கோரில் பாதிகூட வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க மைலோ இருபத்தாறு மேகசின்களையும் திரும்ப வாங்கி, திரும்பச் சுட்டான். தன் பங்குக்குச் சுட்டவற்றையும் விடவில்லை. எதை யார் சுட்டது என்று அந்த நோட்டை நம்பிப் பிரிக்க அவன் தயாராக இல்லை. ஏறக்குறைய பதின்மூவாயிரம் தோட்டா. கிடங்கு வேலை முடிந்து வந்து, முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்வரை தினமும் நூறு, நூற்றைம்பது. நாங்கள் சிலர் உதவிக்கு வருகிறோம் என்றோம். வேண்டாம் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எண்ணுவதை இன்னொருவரிடம் விடுவது இனி முடியாது என்றான். தன் கோழிக்கால் எழுத்தில் புது நோட்டில் தானே எழுதினான்.

இருபத்து நான்கு தேறின. இரண்டு தேறவில்லை. பத்தொன்பதாம் எண் முந்நூற்றுப் பத்தில் மாட்டியது. என்னுடைய எட்டாம் எண் இருநூற்று ஆறில் மாட்டியது. ஐந்து வருஷமாக நான் கன்னத்தை ஒட்டி வைத்துச் சுட்ட மேகசின் அது. மைலோ அதை என் கையில் கொடுக்கவில்லை. சுத்தியலால் நசுக்கிவிட்டு, நசுக்கியதைக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவன் யாருக்கும் மேகசின் செய்யவில்லை. வெளியூரிலிருந்து இன்னும் கேட்டு எழுதுகிறார்கள். இல்லை என்று இரண்டு வரியில் பதில் போடுகிறான். ஒன்றே ஒன்று, தன் சொந்தத் துப்பாக்கிக்கு வைத்திருக்கிறான். சில ஞாயிறுகளில் மைதானத்துக்கு வருவான். கோழியையும் பன்றியையும் சுடுவான். முடிந்ததும் பீருக்கு நிற்காமல் போய்விடுவான்.

நாற்பது மைல் சுற்றளவில் மெஷின் உதிரிபாகக் கடை எல்டன் நிற்கிற அந்த ஒன்றுதான். போன அக்டோபரில், சோள அறுவடையின் உச்சத்தில், கிடங்கின் ஏற்றுப் பெல்ட்டில் ஒரு பேரிங் போய்விட்டது. லாரிகள் நெடுஞ்சாலைவரை வரிசையில் நின்றன. மைலோ கடைக்குப் போனான். நான் அப்போது என் டிராக்டருக்கு வடிகட்டி வாங்க அங்கே நின்றுகொண்டிருந்தேன். எல்டன் பேரிங்கின் எண்ணைக் கேட்டு, உள்ளே போய் எடுத்து வந்து, பெட்டியைக் கவுண்டரில் வைத்தான்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றான்.

"பரவாயில்ல" என்றான் மைலோ.

முப்பது வருஷமாக அந்தக் கவுண்டரில் வாங்கிய எதையும் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போனவன் அவன். அன்று பெட்டியைத் திறந்தான். சட்டைப் பையிலிருந்து காலிப்பரை எடுத்து, பேரிங்கின் உள்வட்டத்தை அளந்தான். வெளிவட்டத்தை அளந்தான். அகலத்தை அளந்தான். கையில் எழுதி வைத்திருந்த அளவோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தான். பின்னால் இருவர் காத்திருந்தார்கள். எல்டன் இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் ஊன்றி, முடியும்வரை அப்படியே நின்றான். அளவு சரியாக இருந்தது. மைலோ பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு லாரி வரிசைக்குத் திரும்பிப் போனான்.